தந்தியா, கடிதமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சிறுகதையும் நாவலும் எழுதிய அசோகமித்திரன் எழுத்து வாசகருக்குத் தருவது சோர்வா, ஆறுதலா? நாங்கள் ஆறுதல் கட்சி. எனக்கு முன்னால் பேசிய அண்ணன் ஒரு போடு போட்டார்: "அது நடையா? தந்தி! வார்த்தைக்குக் காசு கட்டுகிற மாதிரி எழுதுகிறார். தந்தி வந்தாலே வீட்டில் சாவுதான்!" நீங்களும் கைதட்டினீர்கள்.

அண்ணே, தந்தி என்ன செய்யும்? 'அப்பா காலமானார், உடனே புறப்படு.' முடிவைச் சொல்லும், விவரத்தை விழுங்கிவிடும். கடைசியாக என்ன கேட்டார், பக்கத்தில் யார் இருந்தார்கள், ஒன்றும் வராது. அசோகமித்திரன் செய்வது நேர் எதிர். விவரத்தை எல்லாம் தருவார், முடிவை நம்மிடம் விட்டுவிடுவார்.

'புலிக்கலைஞன்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சினிமா ஸ்டுடியோ ஆபீஸ். ஆரம்பமே டிபன் இடைவேளை! வேலை கேட்டு ஒருவர் வருகிறார், பெயர் டகர்பாயிட் காதர். டகர் பாயிட் என்றால்? அங்கே இருப்பவர்களுக்கே புரியவில்லை. 'டைகர் ஃபைட்', புலிச்சண்டை! இப்போது ஒன்றும் இல்லை, போய் வா என்கிற நிலைமை. அந்த நேரத்தில் புலிமுகத்தை மாட்டிக்கொள்கிறார் மனிதர். மாட்டியவுடன், ஐயா, அந்த அறையில் காதர் இல்லை. புலி! உறுமுகிறது, பதுங்குகிறது, பாய்கிறது. மேஜை நாற்காலி போட்ட ஆபீஸ் காடாகிவிடுகிறது. பார்த்தவர்களுக்கு மூச்சு நிற்கிறது.

இந்த இடத்தில் இன்னொருவர் எழுதியிருந்தால் 'ஆஹா, என்ன கலை!' என்று அரைப்பக்கம் புலம்பியிருப்பார். இவர் கால் எங்கே வைத்தது, உடம்பு எப்படி வளைந்தது என்று மட்டும் சொல்கிறார். ஆட்டம் முடிகிறது. புலி போய்விட்டது. பழையபடி வேலை கேட்டு நிற்கிற காதர்! அந்தப் பாய்ச்சலுக்கும் இந்த நிற்பதற்கும் நடுவே ஒரு அடைமொழி கிடையாது. போட்டிருந்தால் பரிதாபத்தை அவரே பட்டு முடித்திருப்பார், நமக்கு மிச்சம் இருக்காது.

இதைப் பார்த்து 'சின்ன வாக்கியம் எழுதினால் போதும்' என்று கிளம்பியவர்கள் தோற்றது எங்கே? அவர்கள் வார்த்தையை வெட்டினார்கள், பார்த்ததையும் சேர்த்து வெட்டினார்கள். இவர் வெட்டியது வியப்பையும் அழுகையையும்தான். குடத்தை வெட்டவில்லை, கைப்பம்பை வெட்டவில்லை. 1970களில் வந்த 'தண்ணீர்' நாவலில் சென்னைத் தெருவைத் தோண்டிப் போடுகிறார்கள், குடிநீரில் சாக்கடை கலக்கிறது. நாவலின் நாயகி ஜமுனா சாகத் துணிகிறாள். அதே தெரு டீச்சரம்மா அவளிடம் தத்துவம் பேசவில்லை, தன் வீட்டில் நடப்பதைச் சொல்கிறாள். மறுபடி குடம், மறுபடி தண்ணீருக்கு அலைச்சல். இருட்டு என்கிறார் அண்ணன். இருட்டில் ஒரு பெண் இன்னொரு பெண்ணின் கையைப் பிடிக்கிறாளே, அது கண்ணில் படவில்லையா?

இன்னொன்று. நம் நாட்டில் தந்தி சேவை 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. அசோகமித்திரன் 2017இல் மறைந்தார். தந்தியும் போயிற்று, அவரும் போனார். காதர் போகவில்லையே அண்ணே!

கதையில் கடைசியில் காதருக்கு வேலை வருகிறது, ஐயா. கடிதம் போடுகிறார்கள். அந்தக் கடிதம் திரும்பி வருகிறது. ஆள் இல்லை. எங்கே போனார், சாப்பிட்டாரா, உயிரோடு இருக்கிறாரா, ஒரு வரி கிடையாது. ஆனால் வேலை கேட்டு வந்த ஒரு மனிதரை ஒருவர் உட்கார்ந்து அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார். நம் வீட்டிலும் ஒரு காதர் உண்டு. கையில் வித்தை இருந்தும் வாசல் வாசலாக நின்ற ஒரு அப்பா, ஒரு மாமா, ஒரு அக்கா. அவர்களை யாராவது இப்படி ஒரு தடவை பார்த்தார்களா?

மணி அடித்துவிட்டது நடுவரே. தீர்ப்பு எழுதும்போது, திரும்பி வந்த அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.