388க்கு 1: ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றிய கணக்கு

வணக்கம் நண்பர்களே. அரிச்சல்முனையில் நிற்கிறேன். காற்று பலமாக இருக்கிறது, மைக்கைச் சட்டைக்குள் செருகியிருக்கிறேன். இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இடப்பக்கம் பெண்கடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம்; வலப்பக்கம் ஆண்கடல், மன்னார் வளைகுடாப் பக்கம். நேர் எதிரே முப்பது கிலோமீட்டர் போனால் தலைமன்னார்.

இங்கே வருகிறவர்கள் எல்லாரும் 1964 புயலைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் அதற்கு முந்திய கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன். 1942 ஏப்ரலில் ஒரு ஜப்பானியக் கப்பற்படை இந்து மகாசமுத்திரத்துக்குள் நுழைந்து கொழும்பைத் தாக்கியது. தளபதி நகுமோ. அதற்கு நான்கு மாதம் முன்பு அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில் இருக்கும் பேர்ல் ஹார்பர் துறைமுகத்தைத் தாக்கியதும் இவரது படைதான். போரே வேண்டாம் என்று இருந்த ஒரு நாட்டை இரண்டே மணி நேரத்தில் போருக்குள் இழுத்துவிட்டது அந்தப் படை. எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் அந்த 'நடுநிலை'யைப் பார்ப்போம். முதல் உலகப்போரில் இறங்கி நொந்துபோயிருந்த அமெரிக்கா, 1935 முதல் நடுநிலைச் சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக இயற்றியது. சண்டை போடும் நாட்டுக்கு ஆயுதம் விற்காதே, கடன் கொடுக்காதே. பிறகு ஐரோப்பாவில் போர் மூண்டது. 1939இல் ரொக்கம் கொடுத்து உன் கப்பலிலேயே ஏற்றிக்கொண்டு போவதானால் வாங்கிக்கொள் என்றார்கள். 1940இல் பழைய நாசகாரிக் கப்பல்கள் ஐம்பதை பிரிட்டனுக்குக் கொடுத்தார்கள். 1941 மார்ச்சில் காசு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கடனாக எடுத்துக்கொள் என்று சட்டமே போட்டார்கள். இதை மதில்மேல் பூனை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் குதிக்கவில்லை!

1941 அக்டோபர் 31. வட அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்த ரூபன் ஜேம்ஸ் என்ற அமெரிக்க நாசகாரியை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. சுமார் நூறு மாலுமிகள் இறந்தார்கள். அப்போதும் போர் வரவில்லை. ஏனென்றால் அங்கே ஒரு கேள்விக்கு இடம் இருந்தது: 'நம் கப்பலுக்கு அங்கே என்ன வேலை?' அந்தக் கேள்வியைக் கேட்க நாடாளுமன்றத்தில் ஆள் இருந்தார்கள், பத்திரிகைகளில் இருந்தார்கள், கூட்டம் போட்டுக் கேட்கவும் இருந்தார்கள்.

இனி ஜப்பான் பக்கம். 1937 முதல் சீனாவில் சண்டை. 1941 ஜூலையில் தெற்கு இந்தோசீனாவுக்குள் படை போனதும் அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது. ஜப்பான் வாங்கிய எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. கப்பற்படையின் கையிருப்பு நாளுக்கு நாள் கரைகிறது. டச்சுக்காரர் கையில் இருந்த இந்தோனேசிய எண்ணெயைப் பிடிக்க வேண்டும், அதற்கு முன் ஹவாயில் நிற்கும் அமெரிக்கக் கடற்படையை முடக்க வேண்டும். திட்டத்துக்குப் பின்னால் இருந்த ஜப்பானியக் கடற்படைத் தளபதி யமமோட்டோ ஹார்வர்டில் படித்தவர், வாஷிங்டனில் பணியாற்றியவர். அமெரிக்காவின் தொழில்பலம் தெரிந்தவர். தெரிந்தும் போட்ட திட்டம் என்பதுதான் எனக்கு இன்னும் வியப்பு.

பேர்ல் ஹார்பர் துறைமுகத்தின் ஆழம் சுமார் 12 மீட்டர். இங்கே நம் பெண்கடலிலும் ஏழு பாகத்துக்கு (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) மேல் பெரும்பாலும் இல்லை, ஏறக்குறைய அதே அளவு. விமானத்திலிருந்து போடும் டார்பிடோ, தண்ணீருக்கடியில் ஓடிக் கப்பலைத் தாக்கும் குண்டு, முதலில் அதைவிட ஆழம் போய்த்தான் மேலெழும்பும். இவ்வளவு குறைந்த தண்ணீரில் போட்டால் சேற்றில் குத்திக்கொள்ளும். ஜப்பானியர் டார்பிடோவின் வாலில் மரத்தால் துடுப்பு வைத்தார்கள். அது தண்ணீரில் பட்டவுடன் உடைந்து கழன்றுவிடும், டார்பிடோ ஆழம் போகாமல் ஓடும். இத்தனை வேலை செய்தது ஒரு மரத்துண்டு!

டிசம்பர் 7, ஞாயிறு காலை. பேர்ல் ஹார்பர் இருக்கும் தீவின் வடமுனையில் ஒரு ரேடார். இரண்டு சிப்பாய்கள். ஏழு மணிக்கு வேலை முடிந்துவிட்டது. சாப்பாட்டுக்கு அழைத்துப்போகும் லாரி வரவில்லை, அதனால் பழகிப்பார்க்கலாம் என்று கருவியை ஓடவிட்டிருந்தார்கள். 7.02க்கு, இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் பெரிய விமானக் கூட்டம் தெரிந்தது. தகவல் சொன்னார்கள். எதிர்முனையில் இருந்த அதிகாரி அந்த வேலைக்குப் புதியவர். கலிபோர்னியாவிலிருந்து நம் விமானங்கள் வரவேண்டியிருக்கிறது, அவையாக இருக்கும், கவலை வேண்டாம் என்றார். 7.55க்குக் குண்டு விழுந்தது.

ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து இரண்டு அலைகளாக சுமார் 350 விமானங்கள். இறந்தவர்கள் 2,403 பேர். அரிசோனா என்ற ஒரே கப்பலில் மட்டும் 1,177. ஆனால் அமெரிக்காவின் விமானந்தாங்கிகள் அன்று துறைமுகத்தில் இல்லை. கரையில் இருந்த எண்ணெய்த் தொட்டிகளை யாரும் தொடவில்லை. எண்ணெய்க்காகப் போர் தொடங்கியவர்கள் எண்ணெயை விட்டுவிட்டுப் போனார்கள்.

இன்னொரு கூத்து வாஷிங்டனில். பேச்சுவார்த்தை முறிந்தது என்ற கடிதத்தைப் பகல் ஒரு மணிக்குக் கொடுக்கவேண்டும் என்று டோக்கியோ உத்தரவு. ரகசியம் என்பதால் சாதாரண டைப்பிஸ்ட்டிடம் கொடுக்கக்கூடாது. தூதரக அதிகாரி ஒருவரே உட்கார்ந்து தட்டினார். கடிதம் போய்ச் சேர்ந்தபோது மணி 2.20. தாக்குதல் தொடங்கி ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்தக் கடிதத்திலும் போர் அறிவிப்பு என்று ஒரு வரி கிடையாது.

அன்றைய அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு முன்பே தெரியும், வேண்டுமென்றே விட்டுவிட்டார் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஜப்பானியத் தூதரகச் சங்கேதத்தை அமெரிக்கா உடைத்திருந்தது உண்மை, போர் வரும் என்று எதிர்பார்த்ததும் உண்மை. ஆனால் பிலிப்பைன்ஸ் பக்கமும் மலேயா பக்கமும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தாக்குதலுக்கு மறுநாள், போர் அறிவிக்கலாமா என்று வாக்கெடுப்பு. செனட்டில் 82க்கு 0. கீழவையில் 388க்கு 1. அந்த ஒருவர் மான்டனாவின் ஜெனட் ரான்கின், அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண். 1917இலும் போருக்கு எதிராக வாக்களித்தவர். அன்று அவரோடு கீழவையில் மொத்தம் 50 பேர் எதிர்த்தார்கள். இன்று தனி ஆள். ஆத்திரம் கொண்ட கூட்டத்துக்குத் தப்பி ஒரு டெலிபோன் அறைக்குள் புகுந்து, போலீஸ் வந்துதான் வெளியே கூட்டிப்போனது.

ஐம்பது எப்படி ஒன்றானது? ரூபன் ஜேம்ஸில் கேட்ட கேள்வியை இங்கே கேட்க முடியவில்லை. சொந்தத் துறைமுகத்தில், ஞாயிறு காலையில், நங்கூரம் போட்டு நின்ற கப்பல். அங்கே என்ன வேலை என்று யார் கேட்பது? ரூஸ்வெல்ட்டுக்கு இரண்டு ஆண்டுகளாகக் கிடைக்காத சம்மதத்தை ஜப்பான் வாங்கிக் கொடுத்துவிட்டது.

அதிலும் அவர் கேட்டது ஜப்பானோடு மட்டும் போர். டிசம்பர் 11இல் ஹிட்லர் தானாகவே அமெரிக்கா மீது போர் அறிவித்து மீதியையும் முடித்துவைத்தார்.

இப்போது நம் கரைக்கு வருகிறேன். அமெரிக்காவில் எண்ணிப் பார்க்க ஒரு வாக்காவது இருந்தது. இந்தியா போரில் இறங்கியது 1939 செப்டம்பர் 3இல், வைஸ்ராய் லின்லித்கோ விடுத்த ஓர் அறிவிப்பால். தலைவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சென்னையில் ராஜாஜி அமைச்சரவை அதைக் கண்டித்துப் பதவி விலகியது. தனுஷ்கோடியில் போட்மெயில் ரயிலுக்குக் காத்திருந்தவரிடமும் பாம்பனில் வலை இழுத்தவரிடமும் யார் கேட்பார்கள்?

1942 ஏப்ரல் 5 கொழும்பு. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு. 9ஆம் தேதி திருகோணமலை. அன்றே பிரிட்டனின் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. சென்னையிலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பினார்கள்.

உச்சிப்புளி, மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த ஏப்ரலைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு எழுதுங்கள், அடுத்த காணொளியில் படிக்கிறேன். மாலைக்குள் இங்கிருந்து கிளம்பச் சொல்கிறார்கள், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வருகிறேன்.