‘பிக் அப்’ என்றால் ‘எடு’ மட்டும்தானா?

திரை: தேயிலை மலை. கொழுந்தெடுக்கும் இரு கைகள். கீழே ஒரு வாக்கியம்: ஷீ பிக்ஸ் அப் டீ லீவ்ஸ்.

குரல்: ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் இந்த வாக்கியத்தைக் கேட்டால், அவர் மனதில் வருவது செடியில் கொழுந்து கிள்ளும் பெண் அல்ல. கொழுந்து மடுவத்தில் கூடை சரிந்து, தரையில் சிந்தியதைக் குனிந்து பொறுக்கும் பெண். ‘அப்’ என்ற அந்தச் சின்னச் சொல் படத்தையே மாற்றிவிட்டது. செடியிலிருந்து கிள்ளுவதற்கு ‘பிக்’ போதும். இலங்கைத் தேயிலைத் துறையில் வழங்கும் சொல் ‘ப்ளக்’. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுவது ப்ளக். கீழே விழுந்ததை எடுப்பதுதான் பிக் அப்.

இந்தப் பிழைக்குக் காரணம் நம்முடைய ‘எடு’. கொழுந்து எடுக்கிறோம், போனை எடுக்கிறோம், பரீட்சை எடுக்கிறோம், லீவு எடுக்கிறோம், விழுந்த பேனையையும் எடுக்கிறோம். தமிழுக்கு ஒரு சொல் போதும். ஆங்கிலத்தில் கொழுந்துக்கு ‘ப்ளக்’, பரீட்சைக்கு ‘சிட்’, லீவுக்கு ‘டேக்’, போனுக்கும் பேனைக்கும் மட்டும் ‘பிக் அப்’. ஆகவே கொப்பியில் “பிக் அப் = எடு” என்று எழுதி வைத்திருந்தால் அதை வெட்டிவிடுங்கள். எங்கே இரண்டும் சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்று பார்ப்போம்.

சேரும் இடங்கள் மூன்று. தரையிலோ மேசையிலோ கிடப்பதை எடுப்பது: ‘பிக் அப் த பாஸ்கெட்’. பக்கத்துச் சொல் ‘லிஃப்ட்’, ஆனால் லிஃப்ட் என்றால் பாரம் தெரியும். பேனையை லிஃப்ட் செய்வதில்லை. அடுத்தது, மணி அடிக்கும் போனை எடுப்பது: ‘பிக் அப் த போன்’. இதற்கு ஒத்த சொல் ‘ஆன்சர்’. ‘டேக் த போன்’ என்று சொன்னால், போனைக் கையில் கொண்டு போ என்றுதான் எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். மூன்றாவது, வேகம் எடுப்பது. மலையக ரயில் பாதையில் பட்டிப்பொலை ஸ்டேஷனைக் கடந்து உச்சியைத் தாண்டியபின் பதுளைப் பக்கம் இறக்கம். அங்கே ‘த ட்ரெய்ன் பிக்ஸ் அப் ஸ்பீட்’. தமிழிலும் ரயில் வேகம் எடுக்கிறது. ஒத்த சொல் ‘கெய்ன்’.

திரை: பிக் மீ அட் சிக்ஸ். பிக் மீ அப் அட் சிக்ஸ்.

குரல்: இனி அதிகம் சறுக்கும் இடம். ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கும் ஒருவர் “ஆறு மணிக்கு வந்து என்னை ஏற்றிக்கொள்ளுங்கள்” என்று சொல்ல நினைத்து, ‘பிக் மீ அட் சிக்ஸ்’ என்று மெசேஜ் அனுப்புகிறார். நம்மில் பலர் இப்படித்தான் எழுதுகிறோம். ஆனால் ஆளைச் சொல்லும்போது ‘அப்’ இல்லாத பிக் என்றால் ‘தேர்ந்தெடு’. ஆறு மணிக்கு என்னைத் தேர்ந்தெடுங்கள் என்றாகிவிடும்! ஆளை ஏற்றிக்கொள்ளும்போது ‘அப்’ விடுபடவே கூடாது. இதற்கு ஒத்த சொற்கள் ‘கொலெக்ட்’, ‘ஃபெட்ச்’. எதிர்ச்சொல் ‘ட்ரொப் ஓஃப்’.

‘பிக் மீ அப் அட் சிக்ஸ்’ என்ற சரியான வாக்கியத்தில் ‘மீ’ நடுவில் நிற்பதைக் கவனியுங்கள். மீ, ஹிம், ஹெர், இட், தெம் போன்ற சொற்கள் வந்தால் நடுவில்தான் வரவேண்டும். ‘பிக் இட் அப்’ சரி, ‘பிக் அப் இட்’ பிழை. பெயர்ச்சொல் என்றால் இரண்டு இடமும் சரி: ‘பிக் அப் த பாஸ்கெட்’, ‘பிக் த பாஸ்கெட் அப்’. பெயர் நீளமானால், உதாரணத்துக்கு “நேற்று வாங்கிய அந்தப் பெரிய கூடை” என்பதுபோல வந்தால், ‘அப்’புக்குப் பின்னால் வையுங்கள். நடுவில் திணித்தால் ‘அப்’ வந்து சேர்வதற்குள் கேட்பவர் தொடக்கத்தை மறந்துவிடுவார். வேகத்துக்கு மட்டும் இந்தச் சுதந்திரம் இல்லை. ‘பிக் ஸ்பீட் அப்’ காதுக்கு ஒட்டாது.

இப்போது ‘எடு’ என்ற சொல்லே உதவாத பொருள்கள். பஸ்ஸிலும் சந்தையிலும் காதில் விழுந்து விழுந்தே சிங்களம் பிடிபட்டவர்கள் மலையகத்தில் ஏராளம். அதற்கு மிகப் பொருத்தமான ஆங்கிலம் ‘ஐ பிக்ட் அப் சிங்களா இன் த மார்க்கெட்’. ‘லேர்ன்’ என்று சொன்னாலும் பிழையில்லை, ஆனால் யாரும் உட்காரவைத்துக் கற்பிக்கவில்லை என்ற செய்தி அதில் போய்விடும். அதே காரணத்தால், டியூஷன் போய் மாதக்கணக்காகப் படித்ததைச் சொல்ல ‘பிக் அப்’ பொருந்தாது.

அடுத்தது, மந்தமாக இருந்தது எழும்புவது. ஜனவரி முதல் மார்ச் வரை திம்புள பக்கம் வறட்சி. ஏப்ரல் மழை விழுந்ததும் கொழுந்து மளமளவென்று வரும். ‘த க்ரொப் இஸ் பிக்கிங் அப்’. இங்கே வினை தானாக நடக்கிறது. ‘எதை’ என்ற கேள்விக்கு இடமே இல்லை. ‘த ரெய்ன் பிக்ட் அப் த க்ரொப்’ என்று எழுதினால் மழை இறங்கி வந்து கொழுந்தைத் தூக்கிக்கொண்டு போனதாகிவிடும். வியாபாரத்துக்கும் இப்படியே. இதில் ஒத்த சொல் ‘இம்ப்ரூவ்’. ஆனால் காற்றுக்கு அது பொருந்தாது. ‘த விண்ட் பிக்ட் அப்’ என்றால் காற்று பலத்தது என்று மட்டுமே பொருள், நல்லதானது என்று அல்ல. அங்கே ‘இன்க்ரீஸ்’ வரும்.

வரும் வழியில் ஒரு இறாத்தல் பாண் வாங்கி வருவதும் பிக் அப். ஒத்த சொல் ‘பை’. சிறிய, போகிற போக்கில் வாங்கும் பொருளுக்கு மட்டும், காணி வாங்குவதற்கு அல்ல. தடிமன் தொற்றினால் ‘பிக் அப் எ கோல்ட்’. இங்கே ‘கேட்ச்’ ஒத்த சொல். தொற்றாத நோய்க்கு, நீரிழிவு போன்றவற்றுக்கு, சொல்லக்கூடாது. ரேடியோவில் ஸ்டேஷன் இழுப்பது ‘ரிசீவ்’, விட்ட இடத்திலிருந்து தொடர்வது ‘ரெசியூம்’, பொலிஸார் பிடித்துப்போவது ‘அரெஸ்ட்’. இவை எல்லாவற்றுக்கும் பேச்சில் பிக் அப் வரும்.

ஆனால் கடிதத்தில் கவனம் வேண்டும். சான்றிதழைப் பெற வருவதாக அலுவலகத்துக்கு எழுதும்போது ‘கொலெக்ட்’ எழுதுங்கள். வேலை விண்ணப்பத்தில் திறமையைப் பற்றி எழுதும்போது ‘அக்வயர்’. பிக் அப் அங்கே பிழை அல்ல, ஆனால் வீட்டுப் பேச்சைப்போல ஒலிக்கும்.

திரை: உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்தபடி ஒருவர்.

குரல்: உச்சரிப்பு. ஆங்கிலத்தில் முதலில் வரும் ‘ப்’ ஒலிக்குக் காற்று வெளியே வந்து கையில் படவேண்டும். தமிழ் ‘பி’யில் அது படாது. இரண்டு சொல்லையும் பிரிக்காமல் ‘பி-கப்’ என்று சொல்லுங்கள், ‘பிக்கு அப்பு’ என்று உகரம் சேர்க்கவேண்டாம். இறந்தகாலம் ‘பிக்கெட்’ அல்ல, ‘பிக்ட்’; அப்புடன் சேரும்போது ‘பிக்-டப்’. வினையாக வரும்போது அழுத்தம் ‘அப்’ மேல் விழும். வாகனத்தைச் சொல்லும்போது முதல் அசைமேல்: ‘பிக்-அப்’, எழுதும்போது நடுவில் ஒரு சிறு கோடு போடுவதும் உண்டு. இரண்டையும் பத்துத் தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அழுத்தம் மாறுவது உங்கள் காதுக்கே தெரியும்.