முட்டுக்காட்டுத் திண்ணையும் நம் பள்ளியின் பூட்டிய அறையும்

(பெற்றோர் ஆசிரியர் கழக ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, பல அலுவல்களுக்கிடையே வந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, பந்தலும் ஒலிபெருக்கியும் தந்துவிட்டு அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று தடையும் விதித்திருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, என்னைப் பேச அழைத்துவிட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் கழகச் செயலாளர் அவர்களே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் பிள்ளைகளை முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று வந்ததைப் பற்றி, வீடுகள், கைத்தொழில்கள், செலவுக் கணக்கு என மூன்று பகுதிகளாகப் பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நான் ஓயாமல் சொல்லிவருவதால், பிள்ளைகள் எனக்குச் சுரைக்காய் சார் என்றே பெயர் வைத்திருப்பதை நீங்கள் அறிவீர்கள்.

சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த அந்த அருங்காட்சியகம் 1996 டிசம்பரில் திறக்கப்பட்டது. டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன் அதை நடத்திவருகிறது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கைவண்ணமும் அதில் உண்டு. இடிபடவிருந்த பழைய வீடுகளைத் தூணும் நிலையும் கதவுமாகப் பிரித்தெடுத்து வந்து அங்கே மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீட்டைப் பார்த்துவிட்டுச் சற்று நடந்தால், கேரளத்தின் சிரியன் கிறித்தவர் வீட்டுக்குள் நுழைந்துவிடலாம்.

அங்கே நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அப்பாயி துணைக்கு வந்திருந்தார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். திண்ணையொன்றில் பல்லாங்குழிப் பலகையைக் கண்டதும் அமர்ந்துவிட்டார். “வாங்க வாத்தியாரே, காசு பணம் ஒண்ணும் கட்ட வேணாம்” என்று நம் கணக்கு ஆசிரியரையும் அழைத்துவிட்டார். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து முத்து. ஆசிரியர் ஒவ்வொரு முறையும் விரலை நீட்டி எண்ணிப் பார்த்துத்தான் அள்ளினார். அப்பாயியோ பேரனுக்குத் தலைவாரிக்கொண்டே ஆடினார். முத்துகளைப் போட்டுக்கொண்டே போய், வெறுங்குழியைத் தடவி, அடுத்த குழியை அவர் வழித்தெடுக்கும்போதெல்லாம் பிள்ளைகள் கைதட்டினார்கள். நான்கு முத்து சேர்ந்த குழியைப் பசு என்று சொல்லி எடுத்துக்கொள்ளும் வழக்கம் ஆசிரியர் நினைவுக்கு வருவதற்குள் அவர் பக்கம் காலியாகிவிட்டது. “சார், மறுதேர்வு உண்டா?” என்று கேட்டவன் யார் என்பதை இந்த மேடையில் சொல்ல மாட்டேன், கணக்கு ஆசிரியர் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு இதைவிடச் சான்று எனக்கு வேண்டாம். ஆதலால், கைத்தொழில்களை விட்டுவிட்டு, நான் இரண்டாண்டுகளாக மன்றாடிவரும் கோரிக்கைக்கே வந்துவிடுகிறேன். செலவுக் கணக்கைச் செயலாளர் வாசிப்பார்.

நம் பள்ளியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகள் அடைந்து கிடக்கும் அறையைத் திறந்து, ஊரின் பழம்பொருள் அறையாக ஆக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் மரக்கால், உழக்கு, திருகை, அரிக்கேன் விளக்கு, கமலைச் சால் எதுவானாலும் கொடுங்கள். அவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவைக்காமல், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் வீட்டுப் பெரியவர்களே வந்து பிள்ளைகளின் கையில் கொடுத்துப் பழக்க வேண்டும். இதற்கு வட்டாரக் கல்வி அலுவலர் அவர்கள் இந்த மேடையிலேயே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊராட்சித் தலைவர் அவர்கள் வெள்ளையடிக்க ஆள் தருவதாக ஏற்கெனவே சொல்லியிருக்கிறார், இதையும் பேசக் கூடாது என்றுதான் சொன்னார். திங்கட்கிழமை முதல் உதவித் தலைமையாசிரியரிடம் பதிவேடு இருக்கும்; பொருளையும் கொடுத்தவர் பெயரையும் அதில் எழுதிக்கொள்வார். நன்றி, வணக்கம்.