1:22.2 என்ற எண்ணுக்குள்ளே: ஒலிம்பிக்கில் நீந்திய முதல் பெண்கள்

அவையோருக்கு வணக்கம்.

ஒலிம்பிக் நீச்சல் பட்டியலைத் திறந்து பெண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் பக்கத்துக்குப் போனால் முதல் வரி இப்படி இருக்கும்: 1912, ஸ்டாக்ஹோம், ஃபேனி டியூராக், ஆஸ்திரேலியா, 1:22.2. நம் ஊர்ப் போட்டிகளில் 13, 14 வயதுப் பிள்ளைகளே இதைவிட வேகமாக நீந்திவிடுகிறார்கள். அதனால் அந்த எண்ணைப் பார்த்ததும் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்துவிடுகிறது. அந்த 82.2 விநாடியில் நீச்சலுக்கு எவ்வளவு, மற்றவற்றுக்கு எவ்வளவு என்று இன்று பிரித்துப் பார்ப்போம்.

முதலில் தண்ணீர். ஸ்டாக்ஹோமில் நீச்சல் குளம் கட்டவில்லை. யூர்கோர்ட்ஸ்ப்ருன்ஸ்வீக்கன் என்ற கடற்கழியில் 100 மீட்டரை அளந்து, மேடை போட்டு, பார்வையாளர்களுக்குப் படிக்கட்டு இருக்கை அமைத்தார்கள். பெயரை இரண்டாம் முறை சொல்லச் சொல்லாதீர்கள். குளத்தின் அடியில் நமக்கு வழிகாட்டும் கறுப்புக் கோடு அங்கே இல்லை. ஒவ்வொருவருக்கும் தடத்தைப் பிரித்துக் காட்டும் லேன் கயிறும் இல்லை.

இந்த இரண்டும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது குளத்தில் பழகியவர்களுக்குப் புரியும். நேராகப் போகிறோமா என்று தெரிய, தலையை நிமிர்த்திப் பார்த்தாக வேண்டும். தலை மேலே வந்தால் இடுப்பு கீழே இறங்கும், கால் இழுபடும், அடுத்த இரண்டு மூன்று கைவீச்சு அதைச் சரிசெய்வதிலேயே போய்விடும். ஒரே பக்கம் மூச்சு வாங்குகிறவர் தன்னை அறியாமல் ஒரு பக்கமாக ஒதுங்குவார். வேல்ஸைச் சேர்ந்த ஐரீன் ஸ்டியருக்கு நடந்தது அதுதான்: இன்னொரு வீராங்கனையோடு மோதினார், போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். கயிறு கட்டியிருந்தால் நடந்தே இருக்காது. 1924-இல் பாரிஸ் தூரெல் குளம் வந்த பிறகுதான், 50 மீட்டர் குளமும் லேன் கயிறும் ஒலிம்பிக்குக்குக் கிடைத்தன.

இன்னொன்று, 100 மீட்டரும் ஒரே நேர்கோடு. சுவரை உதைத்துத் திரும்பும் டர்ன் கிடையாது. 25 மீட்டர் குளத்தில் அதே தூரத்தை நீந்தினால் மூன்று முறை சுவரை உதைக்கலாம். உதைத்த நொடியில் உடம்பு போகும் வேகம் நீந்தும் வேகத்தைவிடக் கூடுதல். போதாததற்கு, கைக்கும் ஒரு கணம் ஓய்வு. அன்றைய உலக சாதனைப் பட்டியலில் குளத்து நேரமும் திறந்த நீர் நேரமும் ஒன்றாகவே கலந்து கிடந்தன. 50 மீட்டர் குளத்து நேரம் மட்டுமே உலக சாதனை என்ற விதி 1957-இல்தான் வந்தது. ஆகவே, இங்கிலாந்தின் டெய்சி கர்வென் 1912 ஜூனில் பர்க்கன்ஹெட்டில் எடுத்த 1:20.6-ஐயும், அடுத்த மாதம் ஸ்டாக்ஹோம் தகுதிச் சுற்றில் டியூராக் எடுத்த 1:19.8-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது, இரண்டாவது திறந்த நீரில், சுவரே இல்லாமல் எடுத்தது என்று ஒரு குறிப்பு போட்டுவிடுங்கள்.

அடுத்தது கடிகாரம். இறுதிப் போட்டி ஜூலை 12. டியூராக் 1:22.2, அவரைப் போலவே சிட்னியைச் சேர்ந்த மினா வைலி 1:25.4, பிரிட்டனின் ஜென்னி ஃபிளெட்சர் 1:27.0, ஜெர்மனியின் கிரேட்டே ரோசன்பர்க் 1:27.2, பிரிட்டனின் ஆனி ஸ்பியர்ஸ் 1:27.4. கடைசி இலக்கங்களைக் கவனியுங்கள்: 2, 4, 0, 2, 4. ஒற்றைப்படை எண் ஒன்றுகூட இல்லை. ஸ்டாப்வாட்ச் முள் ஐந்தில் ஒரு விநாடிக்கு ஒரு முறைதான் நகரும். மூன்றாம், நான்காம், ஐந்தாம் இடங்களுக்கு இடையே ஒவ்வொரு துடிப்புதான் வித்தியாசம். அவர்கள் போன வேகத்துக்கு அது சுமார் 23 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண். பதக்கம் யாருக்கு என்பது அந்த ஒரு சாணில், கரையில் நின்ற நடுவரின் கண்ணில் இருந்தது.

கர்வென் ஏன் இந்த ஐவரில் இல்லை? அரையிறுதியைத் தாண்டியவர்தான். குடல்வால் அழற்சி வந்து மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. டியூராக் தகுதிச் சுற்றைவிட இறுதியில் 2.4 விநாடி மெதுவாக நீந்தியதற்கு, அவரை நெருக்கிப் பிடிக்கக்கூடிய ஒரே ஆள் படுக்கையில் இருந்ததும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இப்போது உடை. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கேலிக்காகத்தான் எழுதுகிறார்கள். நாம் எடையாகவும் இழுவிசையாகவும் பார்ப்போம். பிரிட்டனின் அமெச்சூர் நீச்சல் சங்கம் விதித்த விதி இது: நிறம் கறுப்பு அல்லது கருநீலம். கால் பகுதி முழங்காலுக்கு மேலே மூன்று அங்குலம் வரையாவது இறங்க வேண்டும். பெண்களுக்குக் குறைந்தது மூன்று அங்குலக் கை இருக்க வேண்டும். உள்ளே தனியாக ஓர் உள்ளாடை. 14 வயதைக் கடந்த பெண்கள் தண்ணீரில் இறங்கும் வரையிலும், ஏறிய உடனேயும் நீள அங்கி போர்த்திக்கொள்ள வேண்டும்.

துணி கம்பளியாக இருந்தால் நீரைக் குடித்துக் கனக்கும். கழுத்துப் பக்கம் தொங்கி, முன்னே போகப் போகத் தண்ணீரை வாரி உள்ளே வாங்கும். அதனால்தான் பந்தயத்துக்கு மெல்லிய பட்டு உடையை நாடினார்கள். பட்டு உடம்போடு ஒட்டும், நீரைத் தேக்காது. ஆனால் நனைந்தால் உள்ளே இருப்பது தெரியும். உள்ளாடை விதியும் அங்கி விதியும் இதற்காக வந்தவை. வேகமான துணி வேண்டுமா, கண்ணியமான துணி வேண்டுமா என்ற சண்டையில் இரண்டு அடுக்கு உடுத்தி நீந்தியவர்கள் பெண்கள். 1912 பிரிட்டிஷ் அணியின் படத்தில் நான்கு வீராங்கனைகளுக்கு நடுவே தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்திய ஓர் அம்மாள் நிற்பார். அவர் துணைக்குப் போன பெண்மணி கிளாரா ஜார்விஸ்.

நீந்தும் முறைதான் இந்த எண்ணில் பெரிய பங்கு. டியூராக் சிட்னி கூஜி கடற்கரைக் குளத்தில் முதலில் பழகியது மார்பு நீச்சல். பெண்களுக்குச் சாம்பியன்ஷிப் நடந்தது அந்த ஒன்றில்தான். பிறகு டிரட்ஜனுக்கு மாறினார்: கைகளை மாற்றி மாற்றி வீசுவது, காலைக் கத்தரிபோல் விரித்து மூடுவது. காலை விரிக்கும் அந்த ஒரு கணம் உடம்பு தடைபட்டு நிற்கும், மூடும்போது பாயும். ஆக, நின்று நின்று போகிற நீச்சல் அது. 1911 வாக்கில் ஆஸ்திரேலியன் கிராலுக்கு வந்தார். அதில் கால் மேலும் கீழும் அடிக்கும், ஒரு கைக்கு ஒரு அடி, அதுவும் பெரும்பாலும் முழங்காலிலிருந்து. டிரட்ஜனைவிட எவ்வளவோ மேல். இருந்தாலும் முழங்கால் மடங்கும்போது தொடை கீழே தள்ளி நீரை முட்டும், தலையும் நிமிர்ந்தே இருந்தது. ஆக ஸ்டாக்ஹோமுக்கு அவர் போனபோது, தங்கம் வாங்கித் தந்த நீச்சல் முறை அவர் கைக்கு வந்து ஓராண்டு சொச்சம்தான்!

போவதே பெரும் பாடாக இருந்தது. நியூ சவுத் வேல்ஸ் பெண்கள் நீச்சல் சங்கத்திலேயே, ஆண்கள் பார்க்கும் இடத்தில் பெண்கள் போட்டியிடக் கூடாது என்று விதி. சங்கத் தலைவர் ரோஸ் ஸ்காட் பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடியவர். அவரே இந்த விதிக்குக் காவல் நின்றார், விதி தளர்ந்தபோது 1912-இல் பதவியை விட்டு விலகினார். பெண்கள் முன்னேற்றம் என்றால் ஒரே திசையில் ஓடும் ஆறு என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். மக்களிடம் திரட்டிய பணத்தில், டியூராக்குக்குத் துணையாகச் சகோதரி மேரியும், வைலிக்குத் துணையாக அப்பாவும் கப்பலேறினார்கள். அந்த அப்பா ஹென்றி வைலி, கூஜியில் 1907-இல் சொந்தமாகக் கடல்நீர்க் குளம் கட்டியவர். ஜென்னி ஃபிளெட்சரின் நிலை வேறு. லெஸ்டரில் ஆலை வேலை, நாளுக்கு 12 மணி நேரம், வாரம் ஆறு நாள். அதற்குப் பிறகுதான் பயிற்சி. அமெரிக்கப் பெண்கள் யாருமே வரவில்லை. அவர்களுடைய அமெச்சூர் தடகளச் சங்கத்தின் ஜேம்ஸ் சல்லிவன் அனுமதிக்கவில்லை. இந்தியப் பெண்கள் ஒலிம்பிக் தண்ணீரில் இறங்க இன்னும் 40 ஆண்டு ஆயிற்று: 1952 ஹெல்சிங்கியில் டாலி நசீரும், 12 வயதுகூட நிரம்பாத ஆரத்தி சாஹாவும்.

பெண்களுக்கு ஸ்டாக்ஹோமில் நீச்சலில் இரண்டே போட்டி, ஆண்களுக்கு ஏழு. அந்த இரண்டாவது போட்டி 4×100 மீட்டர் ரிலே. ஐரீன் ஸ்டியருக்குத் தங்கம் கிடைத்தது இதில்தான். பிரிட்டனின் பெல் மூர், ஃபிளெட்சர், ஸ்பியர்ஸ், ஸ்டியர் நால்வரும் 5:52.8-இல் முடித்தார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்வீடன் பின்னால் வந்தன. மொத்தமே நான்கு அணி. டியூராக்கும் வைலியும், நாங்கள் இரண்டு பேரே ஆளுக்கு இரண்டு சுற்று நீந்துகிறோம் என்று கேட்டார்கள். அனுமதி கிடைக்கவில்லை.

கிடைத்திருந்தால்? இறுதிப் போட்டி நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 82.2-உம் 85.4-உம் சேர்ந்து 167.6. இரட்டிப்பாக்கினால் 335.2 விநாடி, அதாவது 5:35.2. பிரிட்டனைவிட 17.6 விநாடி குறைவு. வெற்றி நிச்சயம் என்றுதான் பலரும் எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்த நேர்கோட்டை மறந்துவிடுகிறார்கள். முதல் சுற்றில் டியூராக் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகிறார். இரண்டாம் சுற்று அந்தக் கரையில் தொடங்கி இங்கே முடியும். மூன்றாம் சுற்று இங்கே தொடங்க வேண்டும். டியூராக் நிற்பதோ எதிர்க்கரையில்! ஆக மாற்றி மாற்றி நீந்தவே முடியாது. ஒன்று, டியூராக் முதலும் கடைசியும் நீந்த, வைலி நடுவில் இரண்டு சுற்றையும் மூச்சு விடாமல் 200 மீட்டராக நீந்த வேண்டும். அல்லது இருவரும் ஆளுக்கு 200 மீட்டர் நீந்த வேண்டும். முதல் வழியில் டியூராக்குக்கு மூன்று நிமிடம் போல ஓய்வு கிடைக்கும், வைலிக்கு ஒன்றுமில்லை. தங்கள் இரண்டாவது சுற்றில் ஆளுக்கு 8.8 விநாடி சறுக்கினால் முன்னிலை முழுவதும் காலி. வைலி 220 கஜப் பந்தயம் பழகியவர் என்பதால் அவ்வளவு சறுக்கியிருக்க மாட்டார் என்பது என் கணிப்பு. வென்றிருப்பார்கள், ஆனால் காகிதத்தில் தெரிகிற அளவு சுலபமாக அல்ல.

எட்டு ஆண்டு கழித்து, 1920 ஆண்ட்வெர்ப். அமெரிக்காவின் எதெல்டா பிளைப்ட்ரி 1:13.6. ஒரேயடியாக 8.6 விநாடி குறைந்தது. அதே இடைவெளியில் ஆண்கள் 100 மீட்டரில் டியூக் கஹனமோக்குவின் தங்க நேரம் 1:03.4-இலிருந்து 1:01.4-க்குத்தான் இறங்கியது, இரண்டே விநாடி. ஆண்ட்வெர்ப் தண்ணீர் ஒன்றும் சொகுசு இல்லை. கோட்டை அகழியைத் தடுத்துச் செய்த இடம், இருண்டு குளிர்ந்து கிடந்தது. மாறியது பயிற்சி. சல்லிவன் 1914-இல் இறந்த பிறகு அமெரிக்கச் சங்கம் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 1917-இல் நியூயார்க்கில் சார்லட் எப்ஸ்டீன் பெண்கள் நீச்சல் சங்கத்தைத் தொடங்கினார். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக வேலை பார்த்தவர், வேலை முடிந்து நீந்த வருகிற பெண்களுக்காக நடத்திய சங்கம் அது. கோச் லூயி ஹேண்ட்லி. அவர் சொல்லிக் கொடுத்த கிராலில் ஒரு முழுக் கைச்சுழற்சிக்கு ஆறு உதை, உதை இடுப்பிலிருந்து. முழங்கால் தளர்ந்து தொடையின் பின்னே வரும். முகம் நீருக்குள், மூச்சை நீருக்குள் விட்டுப் பக்கவாட்டில் திரும்பி வாங்குவது. உதை இடைவிடாமல் விழுவதால் கால் மேலேயே மிதக்கும், உடம்பு நின்று நின்று போகாது.

உடையிலும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1919-இல் நியூயார்க் மன்ஹாட்டன் பீச்சில் பிளைப்ட்ரி காலுறையைக் கழற்றிவிட்டு நீந்தியதற்கு, நிர்வாணக் குளியல் என்று வழக்கு. அடுத்த ஆண்டு அவர் ஆண்ட்வெர்ப்பில் 100 மீட்டர், 300 மீட்டர், ரிலே மூன்றிலும் தங்கம் வாங்கினார். பெண்களுக்கு இருந்ததே அந்த மூன்று நீச்சல் போட்டிதான்.

டியூராக் அந்த அணிவகுப்பில் இல்லை. 1915 பிப்ரவரியில் சிட்னியில் அவர் 1:16.2 எடுத்து உலக சாதனையை இன்னும் கீழே இறக்கியிருந்தார். 1916 ஒலிம்பிக் போரால் நடக்கவில்லை. 1920-இல் ஆஸ்திரேலிய அணி கப்பலேற ஒரு வாரம் இருக்கும்போது குடல்வால் அறுவை, அதன்மேல் டைபாய்டு, நிமோனியா. கர்வெனைத் தடுத்த அதே குடல்வால். ஆண்ட்வெர்ப்பில் பிளைப்ட்ரிக்கு அடுத்து வந்த ஐரீன் கெஸ்ட்டின் நேரம் 1:17.0. ஐந்து ஆண்டுக்கு முன், ஆறு உதைக் கிரால் பழகாமலே டியூராக் எடுத்த நேரம் அதைவிட 0.8 விநாடி குறைவு.