‘கேள்’ என்று தொடங்கியவர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

‘மௌலானா ரூமியின் இறைக்காதல் இன்றும் வாழ்வது ஏட்டிலா, ஆட்டத்திலும் இசையிலுமா?’ இதுதான் இன்றைய தலைப்பு. ரூமி பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாரசீகச் சூஃபிக் கவிஞர். அவர் வழிவந்தவர்கள் இசையோடு சுழன்று ஆடி இறைவனை நினைப்பவர்கள். நான் அந்த ஆட்டத்தின், இசையின் பக்கம். எனக்கு முன்னால் பேசிய தோழி ஏட்டின் பக்கம் நின்று அழகாக வாதாடினார். ரூமியின் நெடும்பாடலான மஸ்னவி ஆறு பாகம், சுமார் 25,000 ஈரடிகள் என்றார். ரூமி மறைந்து ஐந்தே ஆண்டில், 1278இல் எழுதி முடித்த கைப்பிரதி இன்றும் அவர் வாழ்ந்த துருக்கியின் கொன்யா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்றார். சுழன்றவர்கள் மண்ணுக்குப் போனார்கள், எழுத்துதான் நின்றது என்று முடித்தார். சரி, அவர் சொன்ன கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த மஸ்னவியின் முதல் அடியை அவர் நமக்குச் சொல்லவே இல்லையே!

‘பிஷ்னவ் அஸ் நய் சூன் ஹிகாயத் மீகுனத்.’ பிஷ்னவ் என்றால் ‘கேள்’. இந்த நாணல் குழல் தன் கதையைச் சொல்கிறது, கேள் என்று ஆரம்பிக்கிறார். படி என்று சொல்லவில்லை நடுவர் அவர்களே, கேள் என்கிறார்! ஏட்டின் வாசலிலேயே நம்மைக் குழலிடம் அனுப்பிவிட்டார்.

அந்தக் குழலுக்கு நேய் என்று பெயர். நம் காதுக்கு அதில் ‘நேயம்’ கேட்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. ஒன்பது கணு உள்ள நாணல், முன்னே ஆறு துளை, பின்னே ஒன்று. நாணற்காட்டிலிருந்து அறுத்தெடுத்த நாளிலிருந்து பிரிவைச் சொல்லி அழுகிறது என்கிறார் ரூமி. இது காற்றில்லை, தீ என்கிறார். மொழிபெயர்ப்பில் இதைப் படித்தால் பொருள் வரும். நேயை ஊதிக் கேட்டால் முதலில் வருவது மூச்சு. சுரம் பிறக்கும் முன்பே அந்த மூச்சின் உரசல் கேட்கும். பாரசீகம் தெரியாத எனக்கு அதை யாரும் பெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்புறம், ரூமி தன் ஞானத்தோழர் ஷம்ஸ் பெயரில் பாடிய திவான் என்னும் கவிதைத் தொகுப்பு. ஷம்ஸ் தப்ரீஸி 1244இல் கொன்யாவுக்கு வந்தார், சில காலத்தில் மறைந்தும் போனார். அந்தப் பிரிவில் பிறந்த கஸல்களில் ஒன்றைச் சொல்கிறேன். தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள்: ‘முர்தா புதம், ஜிந்தா ஷுதம், கிர்யா புதம், கந்தா ஷுதம்.’ செத்திருந்தேன், உயிர்த்தேன். அழுகையாக இருந்தேன், சிரிப்பானேன். ஒவ்வொரு துண்டும் ஒரு சுற்று. நம் யாப்பில் இதற்கு இயைபு என்று பெயர் சொல்வோம். இது மேசை முன் உட்கார்ந்து எழுதியதாகவா ஒலிக்கிறது? கால் தரையைத் தட்டுவதல்லவா கேட்கிறது!

மரபில் ஒரு செய்தி உண்டு. கொன்யா கடைத்தெருவில் ஸலாஹுத்தீன் என்ற பொற்கொல்லரின் பட்டறை. உள்ளே தங்கத்தகட்டைத் தட்டும் சத்தம். அந்தப் பக்கம் போன ரூமி நின்றார். சுத்தியலின் லயம் அவருக்குள் இறங்கியது. நடுத்தெருவில் சுழல ஆரம்பித்துவிட்டார். வெளியே ஓடிவந்து பார்த்த ஸலாஹுத்தீன், ‘தகடு வீணானாலும் பரவாயில்லை, கையை நிறுத்தாதீர்கள்’ என்று பட்டறை ஆட்களிடம் சொன்னாராம். பின்னாளில் ரூமியின் மிக நெருங்கிய தோழரானவர் இவர். படிப்பாளி இல்லை. அந்தத் தெருவில் எந்தப் புத்தகம் திறந்திருந்தது? சுத்தியல்தான் அடித்தது.

‘சுற்றுவதில் என்ன இருக்கிறது, யாரும் சுற்றலாமே’ என்று எதிரணியில் ஒருவர் கேட்டார். ரூமி வழிவந்தவர்களின் மௌலவி மடத்தில் அந்தக் காலத்தில் சேர்ந்தவர் 1001 நாள் பணி செய்ய வேண்டியிருந்தது. பயிற்சி நடந்தது சமையற்கட்டில். தரையில் ஒரு மரப்பலகை, நடுவில் ஓர் ஆணி. இடது காலின் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே அந்த ஆணி இருக்கும். பலகையில் உப்பைத் தூவி, வலது காலால் உந்தி உந்திச் சுழல வேண்டியிருந்தது. இடது கால் இடம் மாறக் கூடாது. பக்கத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். ‘பச்சையாக இருந்தேன், வெந்தேன், எரிந்தேன்’ என்று ரூமி பெயரில் ஒரு வரி வழங்குகிறதே, அதை அந்தச் சமையற்கட்டில் நின்று படித்துப் பாருங்கள்.

உடையைக் கவனியுங்கள். தலையில் உயரமான கம்பளித் தொப்பி, அது கல்லறைக்கல். மேலே கறுப்பு அங்கி, அது கல்லறை. உள்ளே வெள்ளைப் பாவாடை, அது இறந்தவருக்குப் போர்த்தும் கஃபன் துணி. கறுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் எழுவார்கள். வலது உள்ளங்கை வானத்தைப் பார்க்கும், இடது உள்ளங்கை மண்ணைப் பார்க்கும். மேலிருந்து வாங்கிக் கீழே கொடுத்துவிடுவது. தனக்கென்று எதையும் பிடித்து வைக்காத கை. உட்கார்ந்தபடியே ஒருமுறை அப்படி வைத்துப் பாருங்கள். 1273 டிசம்பர் 17, ரூமி மறைந்த நாள். அதை மணநாள் இரவு என்றுதான் கொன்யாவில் சொல்கிறார்கள். சாவு எப்படி மணநாளாகும் என்று நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். கறுப்பு அங்கி தோளிலிருந்து நழுவி வெள்ளை விரிவதைப் பார்த்தபோது விளங்கியது.

எதிரணியின் கனமான வாதம் ஒன்று இருக்கிறது. இஸ்தான்புல் விடுதிகளில் பயணிகள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நடுவே சுழன்று காட்டுகிறார்கள், பக்தி காட்சிப்பொருளாகிவிட்டது என்றார்கள். உண்மைதான், எனக்கும் அது வலிக்கிறது. ஆனால் ஏடு மட்டும் தப்பித்ததா? நபியையும் குர்ஆனையும் உருவிவிட்டு, வெறும் காதல் வாசகமாக்கி, கோப்பையிலும் வாழ்த்து அட்டையிலும் அச்சடிக்கிறார்களே! அவர் எழுதாத வரிகள்கூட அவர் பெயரில் உலவுகின்றன. உப்புப் பலகையில் நின்ற காலை அப்படி யாரும் போலியாக எழுதிவிட முடியாது.

1925இல் துருக்கியில் சட்டம் போட்டு, தர்வேஷ் எனப்படும் இந்தச் சூஃபி அடியார்களின் மடங்களை மூடினார்கள். 1927இல் ரூமியின் அடக்கத்தலம் அருங்காட்சியகமானது. ஏடு கண்ணாடிக்குள் பத்திரமாக இருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. சுழற்சிக்குத்தான் இடமில்லாமல் போனது. ஆனாலும் இசையை ஆசிரியர் முன் அமர்ந்து, தொடையில் தாளம் தட்டித் தட்டி மனப்பாடமாகக் கற்கும் பழக்கம் அவர்களிடம் இருந்தது, நம் பாட்டு வாத்தியார் வீட்டில் நடப்பதுபோல. தொடையைப் பூட்டிவைக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. 1953இல் கொன்யாவில் மறுபடியும் மக்கள் முன் சுழன்றார்கள். இருபத்தெட்டு ஆண்டு! இந்தச் சுழற்சியை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் 2008இல் சேர்த்தது. அது பெரிய விஷயம்தான், ஆனால் எனக்கு அந்த இருபத்தெட்டு ஆண்டுதான் பெரிது.

ஒன்றே ஒன்று சொல்லி அமர்கிறேன். நான்கு கட்டமாக அவர்கள் சுழல்கிறார்கள். கடைசிக் கட்டம் முடிந்ததும் பாவாடைகள் அடங்கி உடம்போடு ஒட்டும். மறுபடி கறுப்பைப் போர்த்திக்கொண்டு மண்டியிடுவார்கள். மூச்சு வாங்கும் சத்தம் கேட்கும். அப்போது ஒருவர் குர்ஆன் வசனம் ஓதுவார்: ‘கிழக்கும் மேற்கும் இறைவனுக்கே உரியவை. நீங்கள் எப்பக்கம் திரும்பினாலும் அங்கே இறைவனின் முகம் இருக்கிறது.’ தோழி சொன்ன அதே எழுத்துதான் அதுவும். ஆனால் கேட்டுக்கொண்டிருப்பவர் எல்லாப் பக்கமும் திரும்பிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

நன்றி, வணக்கம்.