கிழிந்துபோன வரி

நேயர்களுக்கு வணக்கம்.

அக்கரைச் சீமைக்குப் போய்ப் பிழைத்தவர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் அழைத்தபோது தயங்கினேன். நான் கடல் கடந்தவனில்லை. நன்னிலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் 31 ஆண்டுகள் சைக்கிள் மிதித்த தபால்காரன். ஆனால் போனவர்களின் கடிதங்களைத் திண்ணையில் உட்கார்ந்து படித்துச் சொன்னவன் நான்தான். பல வீடுகளுக்குப் பதில் எழுதியதும் நான்தான்.

அந்நாளில் வெளிநாட்டுக் கடிதம் என்றால் நீல நிற விமானக் கடிதம். தாளும் அதுவே, மடித்து ஒட்டினால் உறையும் அதுவே. இடம் போதாமல் ஒட்டுகிற மடிப்பின் உட்புறத்திலும் பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள். அதனால் பிரிப்பதற்கு ஒரு பக்குவம் வேண்டும். விளக்குமாற்றுக் குச்சியை மடிப்புக்குள் விட்டு மெல்ல நகர்த்த வேண்டும். அவசரப்பட்டால் ஒரு வரி போய்விடும்.

1984-இல் நான் அப்படி ஒரு வரியைத் தொலைத்தேன். சவூதியிலிருந்து வந்த கடிதம். அந்தப் பையன், வீட்டுக்கு இருந்த ஐந்து மா நிலத்தில் மூன்று மாவை ஒத்தி வைத்து ஏஜெண்டுக்குப் பணம் கட்டிவிட்டுப் போனவன். டிரைவர் வேலை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ‘இவ்விடம் நான் நலம், அவ்விடம் தங்கள் நலமறிய ஆவல்’ என்று கடிதம் வழக்கம்போலத்தான் தொடங்கியது. வெயில் அதிகம், சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று வளர்ந்தது. ஓர மடிப்பில் மட்டும் வேறு மையில், ‘அப்பாவிடம் சொல்ல வேண்டாம், எனக்கு’ என்று இருந்தது. மீதி பசையோடு பிய்ந்துபோயிருந்தது.

“எனக்கு என்றால்? எனக்கு என்ன தம்பி?” என்று அவன் அம்மா கேட்டார். கிழிந்த துண்டை வெயிலில் தூக்கிப் பிடித்தேன். ஓர் எழுத்தின் கால் மட்டும் தெரிந்தது. அது ‘கா’வா ‘வா’வா என்று அந்த அம்மாவும் நானும் அரை மணி நேரம் பார்த்தோம். அவருக்கு எழுத்தே தெரியாது.

பிறகு பதில் எழுத உட்கார்ந்தோம். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்தால் குறுவை உண்டு என்பார்கள். திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வது வேறு கதை. அந்த முறை எங்கள் வாய்க்காலில் நாற்றங்கால் நனையக்கூடத் தண்ணீர் இல்லை. அந்த அம்மா சொன்னார்: “குறுவை நன்றாக விளைந்திருக்கிறது என்று எழுது. அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது என்று எழுது. முடிந்தால் ஐந்நூறு ரூபாய் அனுப்பச் சொல்லி எழுது.” எழுதினேன். திண்ணையின் மறுகோடியில் அப்பா இருமிக்கொண்டிருந்தார். அவன் அங்கே மறைத்தான், இவர்கள் இங்கே மறைத்தார்கள். இரண்டு பொய்களையும் சுமந்து போய்ச் சேர்த்தவன் நான்.

இந்த வழக்கம் அவர்களோடு தொடங்கியதல்ல. எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சீமை என்றால் முதலில் மலேயா. நாகப்பட்டினத்தில் ஏறினால் பினாங்கு. கப்பல் கரையை ஒட்டாது, தள்ளி நிற்கும்; படகில் போய் ஏற வேண்டும். 1926-இல் கட்டிய ரஜூலா கப்பல் 1970-கள் வரை ஓடியது. பிறகு சிதம்பரம் என்ற கப்பல் ஓடியது. 1985-இல் அது தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் வழி முடிந்தது. ஏறுமுன் நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துகொள்வார்கள், இந்துக்களும்தான். சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவில் 1830 வாக்கில் கட்டி முடித்த நாகூர் தர்கா இன்றும் இருக்கிறது. நேர்த்திக்கடன் தீர்க்க ஊருக்கு வர முடியாதவர்கள் தர்காவையே அங்கே கொண்டுபோய்விட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் தெருவில் மலேயாத் தாத்தா என்று ஒருவர் இருந்தார். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி பின்னால் தகப்பனோடு கப்பலேறியபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டுவதைப் பற்றி மணிக்கணக்கில் சொல்வார். விடியுமுன் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு, பிறகு மரத்துக்கு மரம் ஓட்டம். பட்டையைக் காகிதக் கனத்தில் சீவ வேண்டும், ஆழம் போனால் மரம் காயப்பட்டுத் தோட்டத்துக் கணக்கர் கிராணி திட்டுவார். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும், அதற்குள் பால் பிடிக்கிற மங்குகள் நிறைய வேண்டும். சொல்லும்போது அவர் கை காற்றில் சாய்வாக ஒரு கோடு இழுக்கும்.

ஜப்பான்காரன் காலத்தில் அவரைச் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, பிடித்துக்கொண்டு போனார்கள். 1942-க்கும் 1943-க்கும் இடையில் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. இதைப் பற்றித் தாத்தா ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்வார்: “மூங்கில் காட்டில் மழை பெய்தால் சத்தம் வேறு மாதிரி இருக்கும்.” அதற்குமேல் கேட்டால் வெற்றிலைப் பெட்டியைத் திறந்துகொள்வார்.

கடிதத்தில் எழுதவே முடியாத வரி இன்னொன்றும் உண்டு. ‘நான் இனி வரமாட்டேன்’ என்கிற வரி. திருவாரூரில் 1903-இல் பிறந்து 1924-இல் சிங்கப்பூருக்குப் போன கோ. சாரங்கபாணி, 1935-இல் தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கியவர், பிற்பாடு அங்கிருந்த தமிழர்களைச் சிங்கப்பூர்க் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளச் சொன்னார். தொலைநோக்கு உள்ள மனிதர். ஆனால் படிவத்தில் கையெழுத்துப் போட்ட அன்று இரவு ஊருக்கு என்ன எழுதினார்கள்? நான் படித்த கடிதங்களில் எல்லோரும் ‘வருகிற தை மாதம்’ வருவதாகத்தான் இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் மலேசியாவின் பேராக்கிலிருந்து ஒரு பெண் பழைய கடித உறை ஒன்றோடு வந்தாள். கொள்ளுத்தாத்தாவுக்கு இங்கிருந்து போன கடிதம். ‘தஞ்சாவூர் ஜில்லா, நன்னிலம் தாலுகா’ என்ற முகவரியை நம்பித் தஞ்சாவூரிலேயே இரண்டு நாள் தேடியிருக்கிறாள். ஊர் ஓரடி நகரவில்லை. 1991-இல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்கும், 1997-இல் திருவாரூர் மாவட்டத்துக்கும் போய்விட்டது. கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னாள். தமிழ் நன்றாகப் பேசினாள், பழைய கையெழுத்துதான் பிடிபடவில்லை. ‘தைக்கு வருவதாக எழுதியிருந்தாய், மாசியும் போயிற்று’ என்று இருந்தது. வீடு இருந்த இடத்தில் இப்போது வைக்கோல் போர். அதைப் படம் எடுத்துக்கொண்டாள்.

இன்று போனில் முகமே தெரிகிறது. முகத்தை வைத்துக்கொண்டும் மறைக்கலாம் என்கிறாள் என் பேத்தி. அவள் கணவர் துபாயில் இருக்கிறார்.

சவூதிக்குப் போன பையனை விட்டுவிட்டேன். ஏழு வருடம் கழித்து டேப்ரிக்கார்டர், இரண்டு கம்பளி, தைலப் புட்டிகளோடு வந்தான். அதற்குள் அப்பா தவறிவிட்டார். பார்க்கப் போனேன். அவன் அம்மா தகரப் பெட்டியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து வந்து என் கையில் கொடுக்காமல் அவன் கையில் கொடுத்தார். ‘எனக்கு’ என்ற சொல் வரை படித்தான்.

“இதற்கு அப்புறம் என்ன எழுதினாய்?” என்றேன்.

“நினைவில்லை அண்ணே” என்று சொல்லிக் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தான். கொஞ்ச நேரம் கழித்து, “குறுவை நன்றாக விளைந்தது என்று எழுதினீர்களே, அதே கடிதத்தில் ஐந்நூறு ரூபாயும் கேட்டிருந்தீர்கள். நெல் விளைந்த வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் எதற்கு என்று அன்று இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்” என்றான்.

உள்ளேயிருந்து அந்த அம்மா, “இலை போட்டாயிற்று, இரண்டு பேரும் வாருங்கள்” என்றார்.