'அண்ணா' என்று கூப்பிடத் தடை: இரண்டு கொரியாக்களுக்கு நடுவில் ஒரு நாள்

வணக்கம் மக்களே. நான் இப்போது நிற்கும் இடத்தின் பெயர் இம்ஜின்காக். தென்கொரியாவில் பாஜு நகரத்தில் இருக்கிறது. எனக்குப் பின்னால் தெரியும் முள்வேலியைப் பாருங்கள், கம்பியே தெரியாத அளவுக்கு ரிப்பன்கள். காற்று பலமாக அடிக்கிறது. மைக்கில் படபடவென்று கேட்டால் அது இந்த ரிப்பன்களின் சத்தம்தான்.

ஒவ்வொன்றிலும் யாரோ எதையோ எழுதிக் கட்டியிருக்கிறார்கள். எனக்குக் கொரிய எழுத்து கொஞ்சம் படிக்க வரும். இதோ, கேமராவைப் பக்கத்தில் கொண்டுபோகிறேன். இந்த மஞ்சள் ரிப்பனில் 'ஒம்மா' என்று இருக்கிறது. அம்மா. அப்பாவைக் கொரியக் குழந்தைகள் அப்படியே 'அப்பா' என்றுதான் கூப்பிடும். இந்த ரிப்பனில் மற்ற எழுத்தெல்லாம் மழையில் கரைந்துவிட்டது, அந்த ஒரு சொல் மட்டும் நிற்கிறது.

இங்கிருந்து 7 கிலோமீட்டர் போனால் எல்லைக்கோடு. அந்தப் பக்கம் வடகொரியா. ஒரே மொழி, ஒரே இனம், ஆயிரம் வருஷத்துக்கும் மேல் ஒரே நாடாக இருந்த மக்கள். போன வாரம் ஒரு நண்பர் கேட்டார்: "ஜனநாயகம், சர்வாதிகாரம் என்பதெல்லாம் பேச்சுதானே, சாதாரண ஆளுக்கு அன்றாடம் என்ன வித்தியாசம்?" அந்தக் கேள்வி மனதில் உட்கார்ந்துகொண்டது. உலகத்தில் அதற்கு இதைவிடத் தெளிவாகப் பதில் சொல்லும் இடம் எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இங்கே வந்தேன்.

முதலில் இந்தக் கோடு எப்படி வந்தது என்று பார்ப்போம். 1945 ஆகஸ்ட். ஜப்பான் சரணடையப் போகிறது. கொரியாவை சோவியத் படையும் அமெரிக்கப் படையும் எங்கே பிரித்துக்கொள்வது என்ற கேள்வி. வாஷிங்டனில் இரண்டு அமெரிக்க அதிகாரிகள், ஒரு பத்திரிகை வெளியிட்ட வரைபடத்தை வைத்துக்கொண்டு, அரை மணி நேரத்துக்குள் 38ஆவது அட்சரேகையைக் காட்டினார்கள். கொரியர்கள் யாரையும் கேட்கவில்லை. 1948ல் இரண்டு பக்கமும் தனித்தனி அரசு. 1950 ஜூன் 25 முதல் 1953 ஜூலை 27 வரை போர். அது முடிந்தது என்று சொல்கிறோம், ஆனால் கையெழுத்தானது போர்நிறுத்தம் மட்டும்தான். சமாதான ஒப்பந்தம் இன்றுவரை கிடையாது.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பிரிந்த நேரத்தில் வடக்குதான் வசதியான பக்கம். அணைகள், சுரங்கங்கள், ஹுங்னாமில் இருந்த பெரிய உரத் தொழிற்சாலை, எல்லாம் அங்கே. தெற்கு விவசாய பூமி, மின்சாரத்துக்கே வடக்கை நம்பியிருந்தது. 1948 மே மாதம் வடக்கு அந்த மின்சாரத்தை நிறுத்தியபோது தெற்கு இருட்டில் மூழ்கியது. இன்று இரவில் விண்வெளியிலிருந்து எடுத்த படங்களைப் பாருங்கள். தெற்கு முழுக்க வெளிச்சம், மேலே சீனா வெளிச்சம், நடுவில் வடகொரியா கடல் மாதிரி கறுப்பாக இருக்கும். தலைநகர் பியோங்யாங் மட்டும் ஒரு சின்னப் புள்ளி. தென்கொரிய மத்திய வங்கியின் மதிப்பீட்டில் வடக்கின் தனிநபர் வருமானம் தெற்கில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான்.

ஆனால் 'ஜனநாயகம் வந்தது, பணம் வந்தது' என்று நான் சொல்ல மாட்டேன். அது உண்மையில்லை. தென்கொரியா வேகமாக வளர ஆரம்பித்தது பாக் சுங் ஹீயின் ராணுவ ஆட்சியில். அவர் 1961ல் கவிழ்ப்பு மூலம் வந்தவர். அவருக்குப் பிறகு சுன் டூ ஹுவான். 1980 மே மாதம் குவாங்ஜு நகரத்தில் சொந்த மக்களையே ராணுவம் சுட்டது. ஆக, தெற்கும் பல வருஷம் சர்வாதிகாரத்தில் இருந்த நாடுதான். அங்கே கதவு முழுசாக மூடவில்லை, அதுதான் வித்தியாசம்.

1987 ஜனவரி. பாக் ஜோங் சோல் என்ற பல்கலைக்கழக மாணவர் போலீஸ் விசாரணையில் இறந்துபோனார். அதிகாரி மேசையைத் தட்டினார், பையன் பயத்தில் விழுந்து செத்தான் என்று போலீஸ் தரப்பு சொன்னது. உடலைப் பார்த்த மருத்துவர் அதற்கு ஒத்துப்போகவில்லை. பத்திரிகை எழுதியது. மே மாதம் கத்தோலிக்கப் பாதிரியார்கள் முழு மூடிமறைப்பையும் வெளியில் போட்டு உடைத்தார்கள். ஜூனில் ஊர் ஊராக மக்கள் தெருவுக்கு வந்தார்கள். மாணவர்கள் மட்டுமல்ல, வேலை முடிந்து வந்த அலுவலகக்காரர்களும் கூடத்தான். ஜூன் 29ஆம் தேதி ஆட்சி இறங்கி வந்து நேரடித் தேர்தலுக்கு ஒத்துக்கொண்டது. அந்த டிசம்பரிலேயே அதிபர் தேர்தல் நடந்தது.

ஒரு மருத்துவர், ஒரு நிருபர், சில பாதிரியார்கள். ஆபத்து அவர்களுக்கும் இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டு உயிரோடு இருக்க ஒரு இடைவெளி இருந்தது. வடக்கில் அந்த இடைவெளி இல்லை. அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1990களில் பார்த்தோம்.

காலையில் நான் ஓடுசான் மலைமேல் இருக்கும் பார்வைக்கூடத்துக்குப் போயிருந்தேன். ஹான் ஆறும் இம்ஜின் ஆறும் சேரும் இடம். ஆற்றுக்கு அந்தக் கரை வடகொரியா. தொலைநோக்கி வழியாகப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது மலைகள், மொட்டையாக. இந்தக் கரையில் அடர்ந்த பச்சை, அந்தக் கரையில் மண் நிறம். அப்புறம் ஒரு மண்பாதை. அதில் ஒருவர் சைக்கிளில் மூட்டை வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். ஏறி ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டே போனார். அவர் வளைவில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மொட்டை மலைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1990களுக்கு முன்பு வடகொரியாவில் சந்தையில் அரிசி வாங்குவது என்ற பேச்சே கிடையாது. அரசு பங்கீடுதான் சோறு. சாதாரணத் தொழிலாளிக்கு நாளுக்கு 700 கிராம் தானியம் என்று கணக்கு. விவசாயமோ ரசாயன உரத்தையும் மின்சார பம்புசெட்டையும் நம்பி நடந்தது. இந்த அமைப்பு முழுக்க சோவியத் யூனியன் மலிவாகக் கொடுத்த எண்ணெயையும் நம்பியிருந்தது. 1991ல் சோவியத் யூனியன் இல்லாமல் போனது. எண்ணெய் வரத்து சரிந்தது, உரம் குறைந்தது, பம்பு நின்றது. அதே வருஷம் அரசு "ஒரு நாளைக்கு இரண்டு வேளை சாப்பிடுவோம்" என்று பிரசாரம் செய்தது. அடுப்பெரிக்கவும் புது நிலம் திருத்தவும் மலை மரங்களை வெட்டினார்கள். 1995ல் பெருவெள்ளம் வந்தபோது மண்ணைப் பிடித்துவைக்க மரம் இல்லை.

பங்கீடு ஒவ்வொரு ஊராக நின்றது. வடகிழக்குத் தொழில் நகரங்கள் முதலில் அடிவாங்கின. இங்கேதான் எனக்குத் தொண்டை அடைக்கிறது. பசி என்று சொல்வதே ஆட்சியைக் குறை சொல்வது ஆகிவிடும். பக்கத்து மாவட்டத்துக்குப் போகவே அனுமதிச் சீட்டு வேண்டும், உணவு தேடிப் போவதும் குற்றம். பத்திரிகை எழுதாது, எதிர்க்கட்சி கிடையாது. அரசு இதற்கு வைத்த பெயர் 'கடும் பயணம்'. ஆறு லட்சம் முதல் பத்து லட்சம் பேர் வரை இறந்தார்கள் என்று கவனமாகக் கணக்கிட்ட ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதைவிட அதிகம் என்பவர்களும் உண்டு. வெள்ளம் எந்த நாட்டிலும் வரும். இத்தனை சாவு வெள்ளத்தால் வந்தது இல்லை. பத்திரிகைச் சுதந்திரமும் தேர்தலும் ஒழுங்காக நடக்கும் நாட்டில் பெரும்பஞ்சம் வந்ததில்லை என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் பல வருஷமாகச் சொல்லிவருகிறார். அதன் அர்த்தம் இந்த ஆற்றங்கரையில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

மக்களைக் காப்பாற்றியது பெண்கள். ஆண்கள் வேலை இல்லாவிட்டாலும் தொழிற்சாலைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாக வேண்டும். கல்யாணமான பெண்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர்கள் வீட்டுப் பாத்திரத்தை விற்றார்கள், சோளமாவில் பலகாரம் செய்து தெருவோரம் உட்கார்ந்தார்கள். அப்படி முளைத்த சந்தைகளுக்கு 'ஜாங்மாதாங்' என்று பெயர். இன்றைக்கும் அங்கே நிறையக் குடும்பங்களின் அடுப்பு எரிவது அந்தச் சந்தையால்தான்.

சரி, சோறு ஒரு பக்கம். நண்பர் கேட்ட 'அன்றாடம்' என்பதற்கு வருகிறேன்.

வடகொரியாவில் ஒவ்வொரு வீட்டிலும் தலைவர்களின் படம் மாட்டியிருக்க வேண்டும். தூசி படிந்திருந்தால் கேள்வி வரும். வானொலிப் பெட்டி அரசு அலைவரிசையில் பூட்டப்பட்டிருக்கும். இருபது முப்பது வீடுகளுக்கு ஒரு 'இன்மின்பான்', அதாவது அக்கம்பக்கக் குழு, அதற்கு ஒரு தலைவி. யார் வீட்டுக்கு யார் வந்து தங்கினார்கள் என்று அவர் பார்த்துச் சொல்ல வேண்டும். கைப்பேசி இருக்கிறது, ஆனால் பொதுமக்களுக்கு இணையம் இல்லை, உள்நாட்டு வலை மட்டும்தான். தாத்தா யார், போரில் எந்தப் பக்கம் நின்றார் என்பதை வைத்து 'சோங்பூன்' என்ற தரம் பிரிக்கிறார்கள். படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

தென்கொரிய நாடகங்கள் சீன எல்லை வழியாகக் கடத்தப்பட்டு வருகின்றன. மக்கள் ஜன்னலை மூடிக்கொண்டு பார்க்கிறார்கள். குறுந்தகடு காலத்தில் சோதனைக்கு வருபவர்கள் முதலில் கட்டடத்தின் மின்சாரத்தைத் துண்டிப்பார்களாம். தகடு கருவிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், அப்புறம் வீடு வீடாக ஏறுவார்கள். தப்பி வந்தவர்கள் பலர் இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

2020 டிசம்பரில் இதற்குக் கடுமையான சட்டம் வந்தது. பரப்பினால் மரணதண்டனை வரை போகலாம். 2023 ஜனவரியில் இன்னொன்று, பேச்சுக்கே சட்டம். கொரிய மொழியில் 'ஓப்பா' என்றால் ஒரு பெண் தன் அண்ணனைக் கூப்பிடும் சொல். தெற்கில் காதலனையும் கணவனையும் அப்படிக் கூப்பிடுவார்கள், தமிழில் 'மாமா', 'அத்தான்' என்பதுபோல. நாடகம் பார்த்து வடக்குப் பெண்களும் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். சட்டம் சொல்கிறது: ரத்த உறவு இல்லாதவரை சிறுவர் அமைப்பில் இருக்கும் வயதுவரை 'ஓப்பா' எனலாம், இளைஞர் அமைப்பில் சேர்ந்த பிறகு 'தோழர்' என்றுதான் கூப்பிட வேண்டும். மனசுக்குப் பிடித்தவனை முறை சொல்லிக் கூப்பிடுவதற்கு அரசு வயது வரம்பு வைக்கிறது. வாழ்க்கைத் தரம் என்ற பேச்சு வந்தால் நான் வருமானக் கணக்குக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன்.

தெற்கில் எல்லாம் சரியாக இருக்கிறதா? இல்லை. பணக்கார நாடுகளில் தற்கொலை விகிதம் மிக அதிகமான நாடு இது. 2023ல் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தை எண்ணிக்கை 0.72. முதியவர்கள் பலர் வறுமையில் இருக்கிறார்கள். வடக்கைப் புகழ்ந்தால் வழக்குப் போடும் 1948ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் இருக்கிறது, அது தப்பு என்றே நினைக்கிறேன். வடக்கிலிருந்து இதுவரை சுமார் 34,000 பேர் தப்பி வந்திருக்கிறார்கள். ஹானாவோன் என்ற மையத்தில் 12 வாரம் பயிற்சி கொடுக்கிறார்கள். ஆனாலும் 2019ல் அப்படி வந்த ஒரு தாயும் சின்ன மகனும் சியோலில் ஒரு வாடகை வீட்டுக்குள் இறந்துகிடந்ததை மாதக்கணக்கில் யாரும் கவனிக்கவில்லை. வீட்டில் சாப்பிட ஏறத்தாழ எதுவும் இல்லை. பசிக்குத் தப்பி வந்தவர் பணக்கார ஊரில் பசியால் இறந்திருக்கலாம். இதை நினைக்காமல் தெற்கைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? அரசே எண்ணி வெளியிடுகிறது, பத்திரிகை எழுதுகிறது. அந்தத் தாய் இறந்தபோது சியோல் நடுவில் அஞ்சலி மேடை வைத்து மக்கள் அரசைக் கேள்வி கேட்டார்கள். 2024 டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் சுக் யோல் ராணுவச் சட்டம் அறிவித்தார். நடுராத்திரி மக்கள் நாடாளுமன்ற வாசலுக்கு ஓடி வந்தார்கள். உறுப்பினர்கள் சிலர் வேலி ஏறிக் குதித்து உள்ளே போனார்கள். 190 பேர் சேர்ந்து அதை நீக்க வாக்களித்தார்கள், ஆறு மணி நேரத்தில் முடிந்தது. அடுத்த ஏப்ரல் 4ஆம் தேதி நீதிமன்றம் அவர் பதவியைப் பறித்தது.

வெளிச்சம் குறைகிறது, கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. இந்த வேலிக்குப் பக்கத்தில் கல்லால் ஆன ஒரு மேடை இருக்கிறது. வடக்கில் சொந்த ஊரை விட்டுவந்தவர்கள் புத்தாண்டுக்கும் அறுவடைத் திருநாளுக்கும் இங்கே வந்து வடக்கு நோக்கி விழுந்து கும்பிடுவார்கள். ஊருக்குப் போய்ப் பெற்றோர் கல்லறையில் கும்பிட வழியில்லை.

பிரிந்த குடும்பங்களை இரண்டு அரசும் சேர்ந்து கடைசியாகச் சந்திக்க வைத்தது 2018 ஆகஸ்ட், கும்காங் மலையில். 92 வயது அம்மா ஒருவர் 71 வயது மகனைப் பார்த்தார். விட்டுப் பிரிந்தபோது அவனுக்கு நாலு வயது. மூன்று நாள் முடிந்து பேருந்து கிளம்பும்போது, உள்ளே இருப்பவர்களும் வெளியே நிற்பவர்களும் கண்ணாடியில் கையோடு கை வைத்து நின்ற காட்சி அன்று தொலைக்காட்சியில் வந்தது. அந்தச் சந்திப்புக்குக் கட்டிய கட்டடத்தை வடக்கு 2025ல் இடிக்க ஆரம்பித்தது.

நானும் ஒரு ரிப்பன் வாங்கினேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அந்த மஞ்சள் ரிப்பனில் கரையாமல் நின்ற சொல்லையே தமிழில் எழுதி, அதற்குப் பக்கத்திலேயே கட்டப்போகிறேன். கேமராவை அணைக்கிறேன், இதற்கு இரண்டு கையும் வேண்டும்.